காரணம் போதுமானதாக இல்லை

'அன்பின்' என்ற சொல் தாளில் இறங்கிவிட்டது. கடைசி எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஸ்பூனின் முதுகால் அந்த இடத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். அழுத்தினால் மை பரவிவிடும், அழுத்தாவிட்டால் ஒட்டாது. பிள்ளைக்குத் தலைவாருகிற பதத்தில் கை போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். புள்ளி இறங்கியிருந்தது. எந்த மனிதரின் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டு வருடமாக அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாளோ, அந்த மனிதரின் புகைப்படத்துக்குக் கீழே 'அன்பின் உருவம்' என்று பிசிறில்லாமல் ஒட்டி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், வேலை நன்றாக வந்த திருப்தியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து அதைப் பார்த்தாள்.

தேய்த்து ஒட்டுகிற எழுத்துத் தாள்கள் கடையில் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஆங்கிலம்தான். இதயம், பூங்கொத்து, 'ஹேப்பி', 'லவ்'. தமிழில் ஒரு 'கண்ணே' வேண்டுமென்றால் கையை விரித்துவிடுவார்கள். மகளின் சிறுவயதுப் படங்களை ஆல்பமாக்க ஆசைப்பட்டு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் முகவரி ஸ்டிக்கர்களை உரித்தபின் வழவழப்பான அடித்தாள்கள் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும். அதில் நாலு தாளை மடியாமல் பையில் வைத்துக் கொண்டுவருவாள். எழுத்தை இடவலம் மாற்றி அதன்மேல் அச்செடுத்தால் மை உள்ளே ஊறாமல் ஈரமாக மேலேயே நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் கவிழ்த்து வைத்துத் தேய்த்துவிட வேண்டும். முதல் தடவை மாற்ற மறந்து அச்செடுத்ததில் கொம்பும் காலும் இடம் மாறி, மகளின் பிறந்தநாள் பக்கமே படிக்க முடியாமல் போனது. பழகப் பழக வந்தது. பிறகு அலுவலகத்தில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தபோது ஆல்பம் செய்து கொடுத்தாள். அதிலிருந்து ஆரம்பித்த வினைதான் இது.

ஓய்வு பெறப் போகிறவர் மேற்பார்வையாளர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை'. முப்பத்தோரு வருடமாக யார் எந்தக் கடிதம் கொடுத்தாலும் அதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் சாய்வாக ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வழியனுப்பு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஆல்பம் பிரமாதமாக இருக்க வேண்டும், ஆளுக்கு நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முகப்பில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தார்கள். இரண்டு வாரத்தில் அதில் விழுந்தது மூன்று துண்டுச்சீட்டு. ஒன்றில் 'நல்வாழ்த்துகள்'. ஒன்றில் காவலாளியின் கையெழுத்து மட்டும். மூன்றாவது, பெயர் போடாமல், 'போய்த் தொலைஞ்சா சரி'. மேனேஜர் மூன்றையும் பார்த்துவிட்டு, நீங்களே எழுதிப் போட்டுவிடுங்கள், யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் தலைமை அலுவலகத்துக்காரர்கள் தன் கைவேலையைப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் இனித்தது. எழுதவும் அவ்வளவு கஷ்டப்படவில்லை. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் ஆறு நிமிடம் தாமதமாக வந்ததற்காக அவரை ஒரு மணி நேரம் வாசலில் மழையில் நிற்கவைத்தார் சிவப்பு மை. கிடங்குக்காரர் பெயரில் அவள் 'நேரத்தின் அருமையை எனக்கு உணர்த்தியவர்' என்று எழுதினாள். முகப்பில் உட்காரும் பெண் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, வருகிறவர்களை நின்றுகொண்டு வரவேற்பதுதான் மரியாதை என்று நாற்காலியை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரில், 'நிமிர்ந்து நிற்கக் கற்றுத் தந்தவர்'. இப்படிப் பதினோரு பேர். வசவைப் பிழிந்தால் வாழ்த்து சொட்டியது. தனக்கு இப்படியொரு திறமை இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. இன்னும் மிச்சம் இருந்தது கடைசிப் பக்கம் ஒன்றுதான். அது அவளுடைய பக்கம்.

மகள் அறையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தவள் மேசையருகே நின்றாள். பதினைந்து வயது. சண்டை போடுகிற பெண் அல்ல. சண்டை போட்டிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காய்ச்சல் வந்தால் தானே மாத்திரை போட்டுக்கொண்டு, சரியான பிறகு, நேற்று காய்ச்சல் என்று தகவல் சொல்கிற பெண். வீட்டில் வாடகைக்கு இருப்பவளைப் போல யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தாள்.

யாருக்கு இது என்று கேட்டாள். அம்மா சொன்னாள்.

"அந்த ஆளுக்கா?"

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வேலைன்னு வந்துட்டா என்ன பண்றது?"

"அன்னிக்கும் இதேதான் சொன்ன," என்றாள் மகள்.

அன்றைக்கு என்று அந்த வீட்டில் சொன்னால் ஒரே ஒரு நாள்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள் என்று நாத்தனார்தான் போய்த் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை என்றார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். திரும்பி வர இரண்டு நாள் ஆகும் தூரத்தில் இருந்தார். அவள் பன்னிரண்டு மணிக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டு சிவப்பு மையின் முன்னால் நின்றாள். அவர் படித்துவிட்டு, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நாத்தனார் என்றாள். "அப்புறம் என்ன? டாக்டர்தானே அறுக்கப் போறார், நீங்களா?" என்றவர் கடிதத்தின் குறுக்கே எழுதினார்: காரணம் போதுமானதாக இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. போவதென்றால் போகலாம், ஆனால் நாளைக்கு வரவேண்டியதில்லை என்றார். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஆறு மணி வரை உடைந்த பார்சலுக்கும் தொலைந்த பார்சலுக்கும் பதில் சொன்னாள். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, 'ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, அம்மா வந்துடுவாங்க' என்று நர்ஸிடம் கெஞ்சியதை நாத்தனார் சொல்லித்தான் தெரியும். அதை நாத்தனார் ஒரு தடவையோடு விடவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், 'பெத்தவ வரல, நான்தான் நின்னேன்' என்று ஆரம்பித்துவிடுவார்.

"அம்மா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற குரல். "அன்னிக்கு உங்க ஆபீஸ் கதவைப் பூட்டியா வெச்சிருந்தாங்க?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியை அவள் தன்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் வெளியே இருந்து கேட்கும்போது அதற்கு வேறு கனம் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. வெயில் உள்ளே வந்து விழுந்துகொண்டிருந்தது. இருபது அடி நடந்தால் தெரு.

மகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆல்பத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. "இது உன்னோடதா? இதுல என்ன எழுதப் போற?" என்றாள்.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து மகளின் ஆல்பத்தை எடுத்து வந்தாள். ஏழாம் வயதுக்கான பக்கத்தில் படம் கிடையாது. ஒரு காகித உறை மட்டும் ஒட்டியிருந்தது. அதற்குள் அந்தக் கடிதம். என்றைக்காவது பிள்ளையிடம் காட்டி, பார், நான் கேட்டேன், அவர்தான் விடவில்லை என்று சொல்லலாம் என வைத்திருந்தது. இத்தனை வருடமும் காட்டவில்லை. அவர் விடவில்லை என்பதற்கு மட்டுமா அது அத்தாட்சி? விடாதபோது அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதற்கும் அதுதான் அத்தாட்சி. மகள் அதை வாங்கி முதல் முறையாகப் படித்தாள். அம்மாவின் அவசரக் கையெழுத்தையும், அதன் குறுக்கே சாய்ந்து ஓடிய சிவப்பு வரியையும் பார்த்தாள். கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தாள்.

அம்மா கணினி முன்னால் உட்கார்ந்தாள். இருப்பதிலேயே அழகான எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மூன்று சொற்களை அடித்தாள்.

"கடிதத்துல இருக்கிற தேதியையும் போடு," என்றாள் மகள் பின்னாலிருந்து.

அச்செடுத்த தாளை அவள் கவிழ்த்து வைத்தபோது, அது நழுவாமலிருக்க மகள் இரண்டு பக்க மூலையையும் விரலால் அமுக்கிக்கொண்டாள். இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. மகளின் தலைமுடி வாசனையை இவ்வளவு பக்கத்தில் முகர்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்தாள்; எண்ணி முடியவில்லை. ஒரு புள்ளி பிசகாமல் அந்த வரி இறங்கியது.

"அவர் வாசிக்கிறப்ப மூஞ்சியை நல்லாப் பாத்துக்கோ," என்றாள் மகள். "எனக்கு அப்படியே சொல்லணும்."

விழா வெள்ளிக்கிழமை சாயங்காலம். பார்சல் பிரிக்கும் கூடத்தில் பெட்டிகள் நகரும் பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் தலைமை அலுவலகத்திலிருந்து இருவர், அவர்கள் பக்கத்தில் சிவப்பு மையின் மனைவி, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி. பேச்செல்லாம் முடிந்து ஆல்பத்தைக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொள்வார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. கிடங்குக்காரர் திறந்த வாயை மூடவில்லை. முகப்புப் பெண் குனிந்து தரையில் எதையோ தேடினாள். அவர் குரல் போகப் போகத் தழுதழுத்தது. நாலாவது பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவக்கலாம். படாரென்று மூடலாம். அவளைத் திரும்பிப் பார்க்கலாம். பார்க்கட்டும். அவர் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக: "காரணம்... போதுமானதாக... இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா," என்றார். "நான் இங்கிருந்து போறதுக்குக் காரணம் போதாதாம். அறுபது வயசு ஆச்சுங்கிறதெல்லாம் ஒரு காரணமான்னு கேக்குறாங்க. முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல." கீழே இருந்த தேதியை விரலால் தடவினார். "இது அவங்க வேலை நிரந்தரமான தேதின்னு நினைக்கிறேன். அதைக்கூட மறக்காம இருக்காங்க."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். தலைமை அலுவலகத்துக்காரர்தான் முதலில் கைதட்டினார். பிறகு கூடமே தட்டியது. அவர் இறங்கி அவள் முன்னால் வந்து நின்றார். "எனக்கு மக இல்லம்மா. இருந்திருந்தா உங்களை மாதிரிதான் இருந்திருப்பா," என்றார். அவள் ஏதோ முனகினாள். 'நன்றி சார்' என்று சொல்லியிருப்பாள் போல. அதுதான் நாக்குக்குப் பழக்கம்.

அவருக்கு ஞாபகமே இல்லை. அவள் எட்டு வருடமாக நெஞ்சில் வைத்துக் கொதித்த வரி அவருக்குத் தன் கையெழுத்து மாதிரி. எத்தனையோ கடிதங்களில் எழுதியாகிவிட்டது. தன் கையெழுத்தைப் பார்த்து யார் திடுக்கிடுவார்கள்? அவளைத் தவிர அந்தக் கூடத்தில் கைதட்டாமல் இருந்தது ஓர் ஆள்தான். முன்வரிசையில் இருந்த மனைவி. அந்த அம்மாள் கணவரைப் பார்க்கவில்லை. திரும்பி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாசிச்சாரா?"

"வாசிச்சார்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ம்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவள் செருப்பைக் கழற்றினாள். மகளின் கண்ணில் எட்டு வருடத்தில் பார்க்காத வெளிச்சம் இருந்தது. "அழுதுட்டார்," என்றாள்.

"நெஜமாவா?"

"கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு அழுதார்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்புறம், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "அம்மா, உடம்பு சுடுற மாதிரி இருக்கு, தொட்டுப் பாரேன்," என்றாள். அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பெரிய சூடு ஒன்றுமில்லை. ஆனாலும் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கு என்றும் நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, காலை பத்தரை மணிக்கு, சிவப்பு மையின் மனைவி அவள் வேலை பார்க்கும் புகார்ப் பிரிவுக்கு வந்தார். யாரிடமும் தான் யாரென்று சொல்லவில்லை. எல்லாரையும் போல டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் துணிப்பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதைச் செஞ்சது நீங்கதானேம்மா?"

கணவர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார், பதினொன்றே காலுக்குத் திரும்பிவிடுவார், அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். குரலை உயர்த்தாமல், பார்சல் தொலைந்தது பற்றிச் சொல்வது போலவே சொன்னார். தினமும் காலையில் செய்தித்தாள் முடிந்ததும் இதிலிருந்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கிறாராம். படித்துவிட்டு, ஊரே என்னை இப்படிச் சொல்கிறது, இந்த வீட்டில்தான் எனக்கு மதிப்பில்லை என்பாராம். எதற்கு வாயைத் திறந்தாலும் ஆல்பம் வந்துவிடுமாம். இந்த அம்மாள், தன் தங்கை படுத்த படுக்கையாக இருக்கிறாள், இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன வாரம் கேட்டாராம். அதற்குக் கணவர், பதினோரு பேர் சாட்சி சொல்கிறார்கள், எது நியாயம் எது அநியாயம் என்று எனக்குத் தெரியாதா என்றாராம்.

"மத்தவங்க எழுதினது எனக்குத் தெரியாதும்மா," என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "இது தெரியும். இது அவரோட வார்த்தை. முப்பத்தஞ்சு வருஷமா வீட்ல கேக்குறேன்." எழுத்தின் மேல் விரலை வைக்காமல், அதன் கீழே மேசையில் வைத்தார். "உங்களுக்கு என்னம்மா பண்ணினார்?"

எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நீ ஏன் போகவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கூட, நடந்தது நடந்துவிட்டது விடு என்றுதான் சொன்னார். ஒரு வார்த்தை போதும். அந்தப் பதினோரு பேரும் எழுதவில்லை, எல்லாம் நான் எழுதியது என்று சொன்னால் போதும். வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் நிமிர்ந்து, யார் வந்திருப்பது என்று பார்த்தார்; அடையாளம் தெரிந்து புன்னகைத்தார். காலியான மேற்பார்வையாளர் இடத்துக்கு அவள் பெயர் போயிருந்தது. ஆல்பம் மேலிடத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, திங்கட்கிழமை உத்தரவு வந்துவிடும் என்று அவர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். இந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ப் பேசினால் சிவப்பு மை இங்கே வருவார். விஷயம் சுற்றிச் சுற்றி எங்கெல்லாமோ போகும். மகள் நிற்கும் வீட்டு வாசல் வரை வரும்.

"பாராட்டித்தாம்மா எழுதினேன்," என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். "மத்தவங்க?"

"அவங்கவங்க எழுதிக் கொடுத்ததுதான்."

ஆல்பத்தை மூடிப் பைக்குள் வைக்க அந்த அம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பை சின்னது; ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சரிம்மா. நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த டோக்கன்காரர் வந்து உட்கார்ந்தார். பார்சலில் வந்த கடிகாரம் ஒன்று, எடுத்துப் பார்த்தால் கண்ணாடி தூள்தூள். அவர் சொல்லச் சொல்ல அவள் படிவத்தில் எழுதினாள். ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. அந்த அம்மாள் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து ஐம்பதுக்கு ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பியது. அது போனபின் பார்த்தாள்; அவர் ஏறவில்லை. பதினொன்றுக்கு இன்னொன்று. அதிலும் ஏறவில்லை; பதினொன்றே காலுக்குக் கணவர் வீடு திரும்பிவிடுவார். எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று கேட்டதையே அவள் மறுபடி கேட்டாள். முன்னாலிருந்தவர் சலித்துக்கொண்டே சொன்னார். பதினொன்று பத்துக்கு மூன்றாவது பேருந்து வந்து பெஞ்சை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது; அந்த அம்மாள் ஏறினாரா, இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அதன் ஓட்டுநர் இறங்கி, பின்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்தபடி பழுது பார்க்கிற யாரையோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.